வேம்பு தைத்த காலர்

வேம்பு முதன்முதலில் தைத்த ஆண்கள் சட்டை அவள் கணவன் இராஜாங்கத்தினுடையது. டெரிகாட்டன் துணி. காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸைக் கடையில் வாங்கியபடியே வைத்துத் தைத்துவிட்டாள். ஒரு சலவைதான். உள்ளே இருந்த கேன்வாஸ் சுருங்கியது, மேல்துணி சுருங்கவில்லை. காலர் பொரித்த அப்பளம் போலப் புடைத்துக்கொண்டது. இராஜாங்கம் அதையே போட்டுக்கொண்டு விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குப் போனான். "எம் பொண்டாட்டி தச்சது" என்று எல்லாரிடமும் காட்டிவிட்டும் வந்தான்.

வேம்புவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அரசாங்கத் தையல் வகுப்பில் வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தத் துணிக்குள் எதை வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. நீடாமங்கலத்தில் அப்துல் அஜீஸ் ஜவுளிக்கடையில் துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிவந்தாள். பாப்ளின், டெரிகாட்டன், மல் என ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒவ்வொரு கேன்வாஸை வைத்துத் தைத்து, வெந்நீரில் அலசிக் கொடியில் காயப்போட்டாள். நடவு முடிந்து வந்த பெண்கள், "என்ன வேம்பு, பொம்மைக்குக் கோவணமா?" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அலசினாள்.

அந்த வருஷம்தான் அவர்கள் தெருவுக்கு மனைப்பட்டா வந்தது. பண்ணைக்காரர் நினைத்தால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம் என்ற நிலை முடிந்தது. நீடாமங்கலத்தில் விழா. மேடையேறிப் பட்டா வாங்க, தெருவுக்கே மூத்தவரான மருதையன் பேரும் இருந்தது. பண்ணையில் ஏர் ஓட்டியவர். பண்ணைத் தெருவில் தோளில் துண்டுகூடப் போடாமல் நடந்து பழகியவர். அவர் வாழ்நாளில் சட்டையே போட்டதில்லை. விழாவுக்குச் சட்டை தைக்க மெல்லிய மல் துணியோடு வேம்புவிடம் வந்து நின்றார்.

"காலரு பலகையாட்டம் நிக்கணும் ஆயி."

"இந்தத் துணிக்கு ஆகாது மாமா. தடி கேன்வாஸ் வச்சா வெளிய தெரியும். மடிப்புல துணி கிழிஞ்சும் போவும். இதே துணியில ரெண்டு மடிப்பு உள்ள குடுத்து, லேசா கஞ்சி போட்டுத் தரேன்."

"அப்ப தொவண்டு போவுமே?"

வேம்பு வாதாடவில்லை. மல் துண்டில் இரண்டு விதமாகவும் காலர் தைத்து, முதலில் தடிப்பானதை அவர் கழுத்தில் சுற்றினாள். கிழவர் இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், முகத்தைச் சுளித்தார்.

"அட, நொகத்தடி பூட்டுன மாதிரில்ல இருக்கு! இத்தன வருஷம் மாட்டுக்குப் பூட்டுனது போதாதா? கழட்டு, கழட்டு!"

மற்றதைச் சுற்றியதும் இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பிப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

விழாவன்று வெயில் கொளுத்தியது. பேர் கூப்பிட்டதும் மருதையன் மேடையேறினார். தண்ணீர் சொட்டச் சொட்ட மாலை போட்டார்கள். கஞ்சி கொஞ்சம் இளகியது, ஆனாலும் காலர் துவளவில்லை. பட்டாவை வாங்கியவர் இறங்காமல், எங்கே தன் ஜனம் என்று கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டுபிடித்ததும் கையைத் தூக்கி ஆட்டினார். தெருவே விசிலடித்தது. வேம்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த வாரம் பண்ணைக் காரியஸ்தர் சாரங்கபாணி, அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவர், கையில் டெரிகாட்டன் பொட்டலத்தோடு வந்தார்.

"கெழவன் சட்டய தச்சது நீதானா?"

"நாந்தாங்க. வாங்க, ஒக்காருங்க."

அவர் கொஞ்சம் தயங்கி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாளைக்கே வேணும்."

"நாளைக்கு ஆவாதுங்க. உள்ள வக்கிற கேன்வாஸ ஊறப்போட்டுக் காயவச்சாத்தான் தைப்பேன். இல்லன்னா காலரு அப்பளமாயிடும்."

"அப்பளமா?"

உள்ளே இருந்து இராஜாங்கம் தன் பழைய சட்டையை எடுத்துவந்து விரித்துக் காட்டினான். காரியஸ்தர் முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வேம்பு அளவு நாடாவை எடுத்து, "தாடைய கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.