காபியும் கணக்கில் சேரும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மல்லேஸ்வரத்தில் நான் ரத்தம் எடுக்கிற பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். லவினாவுக்குக் கை பஞ்சு, வாய்தான் ஊசி என்பார்கள். போகட்டும். நான் சொல்ல வந்தது வாசல் மேஜை பாமாவைப் பற்றி. அவள் பேச்சை எடுத்தாலே எனக்குப் பெருமை தலைக்கேறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாமாவுக்கு நாற்பத்தாறு வயது. அரக்கோணத்தில் பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகிக் காக்ஸ் டவுனுக்கு வந்தவள். பதினோரு வருஷமாக அதே மேஜை. ஃபோன் எடுப்பது, பெயர் எழுதுவது, சீட்டுக் கொடுப்பது எல்லாம் அவள்தான். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். ஆட்டோ ஓட்டிய கணவர் எத்திராஜுக்கு முதுகு போனதிலிருந்து இவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, மகள் தீபிகா காலேஜுக்குப் போகிறாள்.

எங்களுக்குக் காலையில் தினமும் ஒரே தலைவலி. சர்க்கரை, கொழுப்பு பார்க்க வெறும் வயிற்றோடு வர வேண்டும். பத்துக்கு மூன்று பேர் எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். திருப்பி அனுப்பினால் சண்டை. ஃபோனில் சொல்லவே இல்லையே என்று பாமாவைப் பிடித்துக்கொள்வார்கள். இன்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுவார்கள். எங்கள் முதலாளி டாக்டர் வெங்கடசுப்ரமணியன் அதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் பாமாவைக் கூப்பிட்டார். ஒரு மாதம் பார்ப்பேன், குறையாவிட்டால் வாசலில் தொடுதிரை மெஷின் வைத்துவிடுவேன், அப்புறம் மேஜைக்கு ஆள் தேவைப்படாது என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். பாமா மறுநாளிலிருந்து, திருப்பி அனுப்புகிற ஒவ்வொருவரோடும் வாசல் வரை போனாள். காலையில் என்ன உள்ளே போச்சு என்று தன்மையாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். வேலை போகப்போகிற நேரத்தில் என்னடி சென்சஸ் எடுக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வாராம், இவள் தன் மேஜையையாவது ஆளட்டும் என்று கிண்டலும் பண்ணினேன். பத்தாம் நாள் நோட்டை என் முன்னால் வைத்தாள். முக்கால்வாசி வரிகளில் காபி என்றுதான் இருந்தது.

"இவங்க யாரும் பொய் சொல்லல லவினா. இந்த ஏரியாவுல காபியை யாரு சாப்பாட்டுல சேர்க்கறாங்க? சாப்பிடாம வாங்கன்னு நான் சொல்றேன், அவங்களும் சாப்பிடாமத்தான் வராங்க. நான் சொல்ற விதம்தான் சரியில்ல."

மீதிப் பேர் கதை வேறு. ஏகாதசிக்கே பாலும் பழமும் உண்டு என்று ஒரு பெரியவர் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டிருந்தார். பன்னிரண்டு மணி நேரம் என்றதை விரல்விட்டு எண்ணிக் கோட்டை விட்டவர்கள் நாலைந்து பேர். எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷில் அச்சடித்த எங்கள் அறிவுரைச் சீட்டை ஒருவரும் படித்ததே இல்லை.

அந்தச் சீட்டைப் பாமா குப்பையில் போட்டாள். புதிதாக ஒரு அட்டை செய்தாள், தபால் கார்டு அளவு. மேலே தீபிகா வரைந்த இரண்டு படம். டபராவோடு ஒரு காபி டம்ளர், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. பக்கத்தில் தண்ணீர் டம்ளர், அதற்குப் பச்சையில் டிக். கீழே கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் பெரிய எழுத்து. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள், காலை எட்டு மணிக்கு வாருங்கள், நடுவில் தண்ணீர் மட்டும். கடைசி வரி இருக்கிறதே, அது அவள் மூளைக்கே உரியது. உங்கள் காபியை ஃப்ளாஸ்கில் கொண்டு வாருங்கள், ரத்தம் கொடுத்ததும் இங்கேயே குடிக்கலாம். அதற்காக உள்ளே சும்மா கிடந்த பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

ஃபோனிலும் அப்படித்தான். எல்லாம் சொல்லிவிட்டு, நாளைக்கு எழுந்ததும் என்ன குடிப்பீர்கள் என்று கேட்பாள். காபி என்று வந்தால் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவாள். நான் நம்பவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் ஃப்ளாஸ்கும் கையுமாக வந்தவர்களால் பெஞ்சில் இடமில்லை. திரும்பிப் போகிறவர் ஒரு நாளைக்கு ஒருவர், சில நாள் அதுவும் இல்லை.

அப்படியும் மாதக் கடைசியில் மெஷின் வந்து இறங்கியது. முன்பே சொல்லி வைத்துவிட்டேன், ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். விற்க வந்த ராஜேஷ்குமார் அதை வாசலில் நிறுத்தி, மேஜையை ஓரமாக நகர்த்தச் சொன்னார். பாமா நகர்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து கோமளம் என்று ஒரு மாமி, ஃபோன் எதுவும் பண்ணாமல் நேரே வந்தார். திரை கன்னடத்தில் கேட்டது, வெறும் வயிற்றில் வந்திருக்கிறீர்களா? மாமி யோசிக்காமல் ஆமாம் என்பதைத் தொட்டார். டோக்கன் வந்து விழுந்தது. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

பாமா எழுந்து வந்தாள்.

"மாமி, காலைல காபி ஆச்சா?"

"ஆகாம? அது இல்லாம கண்ணே திறக்காதேம்மா."

அந்தக் கேள்வியையும் மெஷினில் சேர்த்துவிடலாம் என்று ராஜேஷ்குமார் சமாளித்தார்.

"சேர்க்கட்டும் சார்," என்றாள் பாமா டாக்டரைப் பார்த்து. "நாளைக்கு ஒருத்தர் ராகி கஞ்சி மட்டும்தான்னு வருவார். அதெல்லாம் அவங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டு மாமியின் கையில் அட்டையைக் கொடுத்து, மறுநாள் ஃப்ளாஸ்கோடு வரச் சொன்னாள். மாமி சிரித்தபடி படியிறங்கிப் போனார். டாக்டர் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜேஷ்குமார் பக்கம் திரும்பினார்.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க. எங்ககிட்ட பாமா இருக்காங்க."

பாமாவிடம், மற்ற இரண்டு கிளைகளுக்கும் அவளே அட்டை செய்து தர வேண்டும் என்றார். நான் உள்ளே ஒரு தாத்தா கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கண்ணிலும் பட்டது, காதிலும் விழுந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். கண் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"ஊசி எனக்குத்தானே குத்தினே, நீ ஏம்மா அழறே?" என்றார் தாத்தா.

எங்கள் பாமா போகவில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், வெளியே பெஞ்சுக்குப் போய்க் காபி குடியுங்கள் என்றேன்.