அக்கா பார்க்காத ஐப்பசி

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் அக்காவின் தோழியருக்கும் தங்கையின் வணக்கம்.

அக்கா பிறந்தது கருமத்தம்பட்டியில், தறிச் சத்தத்துக்கு நடுவில். தறி நின்றால்தான் தொட்டிலில் அழுவாராம். அப்பா காலமான பின் டியூசன் எடுத்தே கோவையில் விலங்கியல் முதுகலை முடித்து, ஆராய்ச்சியிலும் சேர்ந்தார். நானும் இன்று விலங்கியல் படிப்பது அவர் ஒட்டவைத்த பைத்தியம்தான்.

எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்ல எங்களுக்குத்தான் கூச்சம். அவருக்குக் கிடையாது. பெண் பார்க்க வரும் சமயம் அத்தை கேட்டார்.

“ஏனம்மணி, மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?”

“ஆம்பள மீனுக்கு எது கல்யாண மாசம்னு பாக்கறேன்னு சொல்லுங்க அத்தை.”

“மீனுக்குப் பாத்தது போதும், உனக்குப் பாரு கண்ணு.”

ஆண் கெளுத்தியின் விந்தகம் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் இருக்கிறதா என்றே தேட வேண்டும், கண்ணாடி நூல் போலக் கிடக்கும். ஆடிக்குப் பின் பருக்கும். மழை இறங்கும் ஐப்பசியில் வெள்ளையாய் விந்துப்பால் கட்டி நிறையும் என்பது புத்தகம். நம் குளத்திலும் அப்படித்தானா என்பதே அக்காவின் கேள்வி. மாதந்தோறும் சூலூர்க் குளக்கரையில் உட்கார்ந்து, மீன்காரர் அண்ணனின் வலையில் வந்ததில் ஆண் மீன்களை அவரே பொறுக்குவார். கார்த்திகையில் தொடங்கியவருக்கு ஐப்பசி ஒன்றுதான் பாக்கி.

புரட்டாசியில் படுத்துவிட்டார். இரத்தத்தில் புற்று என்றார்கள். வலியைப் பற்றி வாய் திறக்கமாட்டார். “ஐப்பசி மீன் வந்துச்சா?” என்பது மட்டும்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து குளத்தோரத்து டீக்கடைக்குப் பேசி, அக்காவுக்கு மீன் வேண்டுமென்று மீன்காரர் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினோம்.

அவர் வாளியோடு வந்தபோது எங்கள் வாசலில் பந்தல் போட்டிருந்தது.

“தெரியாம வந்துபோட்டனுங்க” என்று திரும்பியவரை அம்மா நிறுத்தினார். எங்கள் வீட்டில் மீன் புழங்காது, அதிலும் அன்று. ஆனாலும் அம்மா என்னிடம், “அவ கேட்டது. போயி அறு கண்ணு” என்றார்.

தறிக்கூடத்தில் உட்கார்ந்து அறுத்தேன். முதல் மீன் சினை. அடுத்ததும் சினை. அத்தனையும் முட்டை நிறைந்த பெண் மீன்கள்.

“ஒடம்புக்கு முடியாத புள்ளைன்னாங்க. தெம்பா இருக்கட்டும்னு சினை மீனாவே பாத்துப் பொறுக்கியாந்தனுங்க” என்று அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆண் மீன்தான் வேண்டுமென்று சொல்லியனுப்பாதது நாங்கள்தான்.

அந்த ஐப்பசி துக்கத்திலேயே கழிந்தது; அடுத்த ஐப்பசி மீனைச் சேர்க்கலாமா என்றதற்கு, ஒரு மழையின் மாதத்தை இன்னொரு மழையோடு ஒட்டவைக்க முடியாது என்றார் அக்காவின் பேராசிரியர். அக்காவின் ஆண்டு குறையாகவே நிற்கிறது.

மருத்துவமனைக்கு வந்து இரத்தம் கொடுத்த தறிக்காரர்களுக்கும், நுண்ணோக்கியில் பார்க்க அக்கா விந்தகத்தை மெல்லியதாய் வெட்டிச் சாயமேற்றி ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் தோழியருக்கும், காரியம் முடியும்வரை அம்மாவை விட்டு நகராத அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மீன்காரர் அண்ணனுக்குத் தனியாக. இந்த ஐப்பசியில் யாரும் கேட்காமலே அவர் வந்தார். “இந்தவாட்டி ஆம்பளையாப் பாத்துட்டனுங்க அம்மணி” என்று வாளியை வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒன்றை அறுத்தேன். விந்தகம் வெள்ளை வெளேரென்று, வயிறு கொள்ளாமல் இருந்தது. “அக்கா, நம்ம குளத்துலயும் அப்படித்தான்” என்று சொல்லத் திரும்பினேன். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.