மாமரத்துக்கு நேரே

எனக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. தோடு மட்டும் வரவில்லை. அது தாய்மாமன் போட வேண்டிய தோடு. என் மாமா ஈப்போவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். ஊரில் அவருக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். அவசரமாகக் கப்பலேறப் புறப்பட்டவர், ஈப்போ பாசார் சந்தைக்குப் போய்வந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பினார்: “ஆசாரி இன்னிக்குத்தான் தோட்டைக் கொடுத்தாரு. நாளைக்கு மத்தியானம் பினாங்கு மெயில்ல போறேன், அது உங்க பக்கத்து செமோர் டேசன்லகூட நிக்காது. உங்க தோட்டத்து ஓரமா தண்டவாளத்துக்கிட்ட மாமரம் இருக்குல்ல, ஒரு சின்ன டின்ல வச்சு அதுக்கு நேரே போடுறேன். அக்காவை நிக்கச் சொல்லுங்க.”

கித்தா ரப்பர் விலை விழுந்து, பால் வெட்டுக்கு ஆள் குறைத்திருந்த வருஷம் அது. அம்மா வீட்டாரை அப்பா ‘வாயால சோறு போடுறவங்க’ என்பார். தோடு வராமற்போனால் காது குத்துகிற அன்று நாலு பேர் நடுவில் அதையே சொல்லிக் காட்டுவார். அம்மாவுக்கு அந்தப் பயம்தான்.

மறுநாள் வெட்டின கித்தாப் பாலை ஊற்றிவிட்டு வந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாமரத்தடியில் போய் நின்றாள். வண்டி வந்தது. கரிப்புகையும் புழுதியும் அடிக்க, அம்மா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்தார். மரத்துக்கு நேரே வந்ததும், சொன்னது சொன்னபடி கை விரிந்தது. ஆனால் மஞ்சள் துணி சுற்றிய அந்தச் சின்ன டின் எங்கள் காலடியில் விழவில்லை. மாமாவின் ஜன்னலை விட்டுப் பிரிய மனமில்லாததுபோல் வண்டியோடு கூடவே ஓடியது, ஓடிக்கொண்டே தாழ்ந்தது, கொஞ்சம் தள்ளியிருந்த மதகுப் பக்கம் மறைந்துபோனது.

அம்மா மரத்தைச் சுற்றித் தேடினாள். அப்பா வந்து, வண்டி வந்த வழியே, ஈப்போ இருக்கும் திசையில் தேடச் சொன்னார். “ஓடுற வண்டியில இருந்து போட்டா பின்னாலதான் விழும். நான் வெத்திலை எச்சில் துப்பிப் பாத்திருக்கேன், பின்னாலதான் போவுது.”

அது முன்னால், மதகுப் பக்கம் ஓடியதை நான் சொன்னேன்.

“டின்னுக்குக் கால் மொளைச்சிருச்சாக்கும்,” என்று சிரித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். “மதகு வரைக்கும் போயிருந்தா, ஒன் தம்பி மரம் தாண்டினப்புறம் போட்டிருக்கான்னு அர்த்தம். கள்ளுல கெடந்திருப்பான். இல்லாட்டி வெறுங்கையை ஆட்டிட்டுப் போயிருப்பான்.”

இரண்டில் எதுவானாலும் மாமாவுக்குத்தான் கெட்ட பெயர். மரத்துக்கு நேரே கை விரிந்ததும் உண்மை, டின் மதகுக்கு ஓடியதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும்? கை விட்டுவிட்டாலும் வண்டி கொடுத்த வேகம் பொருளை விட்டுப் போகாது, காற்றோடு பின்னால் போவது எச்சில் மாதிரி லேசானதுதான் என்பதெல்லாம், என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் அப்பா இல்லாத நேரம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “எங்க ஓடிச்சு? காட்டு.”

காட்டினேன். மதகைத் தாண்டி லாலான் புல்லுக்குள் டின் கிடந்தது, ஒரு பக்கம் நசுங்கி. உள்ளே தோடு இரண்டும் பத்திரம். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொன்னது பலித்துவிட்டதென்று வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன்.

சாயந்திரம் அம்மா தோட்டை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். “மரத்தடிப் புல்லுலேயே கெடந்துச்சு. அவன் சொன்ன மாதிரி நேரேதான் போட்டிருக்கான். நமக்குத்தான் கண்ணு தெரியல.”

அப்பா தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நேரே போட்டா நேரேதானே விழும்,” என்றார், வெற்றிலை எச்சிலை அடியோடு மறந்துவிட்டு. அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஓடிச்சுன்னியே, எங்கடி ஓடிச்சு?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது குத்தும்போது நான் போட்ட அழுகையில் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கூடிவிட்டன. ஊசி வலி ஒரு நொடிதான் என்று ஆளுக்கொரு பக்கம் தேற்றினார்கள். ஊசிக்கு நான் அழவேயில்லை. டின் மதகுக்கு ஓடியதா, மரத்தடியிலேயே கிடந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்திருந்தது; கேட்கலாமென்றால் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.