ஏணி காட்டாத படம்

எங்கள் வீட்டில் ஓடிய அந்த ஜப்பான் படத்துக்கு வசனம் பேசியவர் என் அப்பா, நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ கப்பல்காரர் கொடுத்தார் என்று ஒரு கேசட்டைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுப் பார்க்க வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்தார். ராயபுரத்தில் எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கலர் வரவில்லை. மேலும் கீழுமாக உருண்ட படம், டெக்கின் தலையில் நாலு தட்டு தட்டிய பிறகுதான் நின்றது.

கார்ட்டூன்தான். ஆனால் அதில் வந்த இரும்பு மனிதர்கள் கிரேன் உயரம். ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து ஓட்ட ஓர் ஆள். கதாநாயகன் சின்னப் பையன். அவன் வாய் திறந்தால் நைனா குரல் கொடுத்தார்.

"டேய் சோமாரி, என் ஏரியாவுலயே வந்து கைய வக்கிறியா? இரு மவனே, வரேன்!"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அந்த வாரம் முழுக்க உம்மென்று இருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

முடிவில் அந்தப் பையன் தன் இரும்பு மனிதனைக் கடலுக்குள் நடத்திப் போய், ஊரை அழிக்க வந்த அலையைத் தடுத்தான். திரை வெளுத்தது. பிறகு பார்த்தால், இரும்பு மனிதன் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்கிறது. தோளில் பறவைகள். நெஞ்சுக் கதவு திறந்தது. நாற்காலி காலி. அதற்குள் எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கிவிட்டன.



"இன்னா மாமா, பையன் எங்க?" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

"எறங்கிப் பூட்டான்டா."

"எப்டி நைனா? ஏணியே காட்டலியே?" என்றேன் நான்.

"பின்னாடி கீதும்மா."

"செத்துட்டான் மாமா, அவ்ளோதான்."

"யார்ரா செத்தான்? எறங்கிட்டான்றேன்ல!"

நைனா அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. தினமும் மேலே ஏறி வேலை பார்ப்பவர் அவர். ஏறியவர்கள் இறங்குவார்களா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பதற்றத்தில், "நைனா பொய் சொல்லுது. அதுக்கு ஜப்பான் பாஷையே தெரியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டார்கள். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"வாய மூடுடீ. உங்க நைனாவே பேஜாராயி கீறாரு."

கார்ட்டூனுக்கு என்ன பேஜார்? எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த வாரம், நைனாவுடன் வேலை செய்தவர் கிரேன் கூண்டில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். கொக்கி அசையாததைக் கண்டு மேலே ஏறிப் பார்த்தவர் நைனா. படம் போட்ட மறுநாள், திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கூண்டில் அவர்தான் உட்கார வேண்டும்.

இன்று என் மகள் பள்ளி வேனில் ஏறினால், இறங்கிவிட்டாள் என்று போன் வரும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை. அன்று இதெல்லாம் எங்கே தெரிந்தது?

பிள்ளைகள் போன பிறகு நைனா கேசட்டைப் பின்னால் ஓட்டினார். கதவு திறக்கும் இடத்தை மறுபடி போட்டார். மறுபடியும். டிவியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கே படம் புரியவில்லை என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

"நான்தான் சொன்னேன்ல நைனா, ஏணி இல்ல."

அவர் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நான் விளையாட ஓடிவிட்டேன்.