கோயில் விலை

நாவலப்பிட்டி சுவக்கின், கண்டிப் பக்கத்து வீடுகளில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். சாமான் விலையும் பஸ்காசும் ஏற, அவர் கூலி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இந்த வருசம்தான் துணிந்து பத்தாயிரமாக்கினார்.

பியானோ வகுப்பு நடத்தும் ஷிராணி டீச்சர் போனில் சரியென்றார். சுவக்கின் பாதித் தந்திகளை முறுக்கி முடித்த பிறகு தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"மாதா கோயில் பியானோவுக்கு ஐயாயிரம்தானாமே சுவக்கின். நாங்களும் அதே கோயில் ஆளுங்கதானே, அந்த விலையே போடுங்க."

இதே பேச்சைக் கெலிஓயாவில் ஒரு வீட்டிலும் கேட்டு, வாயை மூடிக்கொண்டு பாதிக் காசோடு திரும்பியவர் சுவக்கின். இப்போது சுர்ரென்று கோபம் ஏறியது.

"கோயிலுக்கு விட்டுக்கொடுத்தது என் காணிக்கை டீச்சர். உங்களுக்கும் நான் காணிக்கை போடணுமா? வகுப்புக் காசைக் கூட்டினீங்களே, கோயில் பிள்ளைங்களுக்குக் குறைச்சீங்களா?"

"கோவிக்காதீங்க, சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டுத்தான் எல்லாரும் என் வயித்துல அடிக்கிறீங்க."

மிச்சத் தந்திகளையும் முறுக்கி, முழுக் கூலியையும் வாங்கினார். தேத்தண்ணியைத் தொடவில்லை. அந்தக் கோபத்தோடேயே பங்குச் சாமியாரிடம் போனார்.

"இனிமே கோயிலுக்கும் பத்தாயிரம்தான் சாமி. ரசீதுலயும் அப்படியே எழுதுங்க. பாதியை நானே உண்டியல்ல போட்டுர்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"உங்களுக்கு ஒண்ணுதான் சாமி. ஆனா உண்டியல்ல போட்டதை எவரும் எங்கிட்ட விலையாக் கேக்க முடியாது."

சாமியார் சிரித்தார். சுவக்கின் சிரிக்கவில்லை.