சீர்த்தட்டில் வந்த ஸ்விட்ச்

அன்புக்கரசி சிங்கவரத்துத் தனகோட்டியின் இரண்டாவது பெண். தனகோட்டி எனக்குச் சின்னம்மா மகன். அவன் பெண்டாட்டி ரஞ்சிதமும் என் தாய்மாமன் வழியில் வந்தவள்தான். ஆக, இரண்டு பக்கமும் என் ரத்தம். அவளுக்கு நடந்ததை நினைத்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

டிப்ளமோ முடித்த கையோடு செஞ்சி கடைத்தெருவில் ஆதிநாராயணன் ஜவுளிக்கடைக்கு பில் போடப் போனாள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று சேர்க்கிற பெட்டி இருக்கிறதே, அதற்கு ஸ்விட்ச் என்று பெயராம். விளக்கு போடுகிற ஸ்விட்ச் இல்லை. சென்னையில் பழையதாக ஒன்றை வாங்கிவந்து, கட்டிலடியில் வைத்து, ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இரண்டு வருஷம் தானே கற்றாள். அதற்கென்று இருக்கிற பரீட்சையும் எழுதித் தேறினாள். கடையின் ஒயர் வேலை முழுக்க அவள் கைக்கு வந்தது.

கடை மூன்று மாடியானபோது முதலாளி கேட்டுத்தான் லிஸ்ட் எழுதிக் கொடுத்தாள். மாடிக்கு ஒரு பெரிய ரக ஸ்விட்ச். பில்லுக்கு, கேமராவுக்கு, ஜனங்களுடைய வைஃபைக்கு எல்லாம் தனித்தனி வழி. யாராவது ஒயரைத் தப்பாகச் செருகினால் அந்த ஓட்டையை மட்டும் பெட்டியே அடைத்துவிடுமாம்.

திறப்பு விழாவன்று முதலாளியின் மச்சான் கமலேஷ் மேளத்தோடு சீர் கொண்டுவந்தான். அவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை. பழத்தட்டு, புடவைத்தட்டு, நடுத்தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து மூன்று ஸ்விட்ச். வீட்டுக்குப் போடுகிற சாதா ரகம்.

"மொதலாளி, இது கடைக்குத் தாங்காது."

"மச்சான் சீரை வாணாம்னா என் பொண்டாட்டி வூட்ல இருப்பாளா? சும்மா மாட்டும்மா."

கமலேஷ் சிரித்தான். "ஒயர் செருகறதுக்கு இன்னா பெரிய படிப்பு? என் கடைப் பசங்க தூக்கத்துல செய்வானுங்க."

மாட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, உச்சிவேளை. மூன்று மாடியிலும் பில் நின்றுவிட்டது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஜனம் கத்தியது. கமலேஷ் கல்லாவருகே நின்று, "பொம்பளைய நம்புனீங்களே மாமா, அனுபவிங்க" என்றான். அத்தனை பேர் முன்னால் முதலாளியும் கத்தினார்: "நாளையிலேர்ந்து கடைக்கு வராத!"

அன்புக்கரசி மாடி மாடியாக ஏறினாள். மூன்றாம் மாடியில் ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் செருகியிருந்தது.

"யார் செருகினது?"

"இப்பதான்க்கா, கமலேஷ் அண்ணன்" என்றாள் துணி காட்டுகிற அனு. "கடையப் போட்டோ எடுத்தாரு, ஒயர் தொங்குனா அசிங்கமா இருக்குதாம்."

பிடுங்கினாள். பில் ஓடியது. அந்த ஒயரைக் கொண்டுவந்து கல்லாமேல் போட்டாள்.

"கம்ப்யூட்டர் அனுப்பின தகவலே திரும்பி வந்து, சுத்திச் சுத்தி மூணு மாடியையும் அடைச்சிடுச்சு. நான் எழுதின பெட்டி இதை நிறுத்தியிருக்கும். உங்க சீரு நிறுத்தாது."

"சரி, ஆனது ஆச்சு. போய் வேலையப் பாரு" என்றார் முதலாளி, மெதுவாக.

"வராதன்னு சத்தமா சொன்னீங்க இல்ல? வான்னும் அதே சத்தத்துல சொல்லுங்க."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் போனைப் பார்த்தான். அன்புக்கரசி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அப்புறம் முதலாளி மூன்று தடவை ஆள் அனுப்பினார். தனகோட்டி பயந்தவன், "போயேன்டி" என்று கெஞ்சினான். அவள் போகவில்லை. இப்போது திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே அவள் எழுதிக் கொடுத்த லிஸ்டை ஒரு வரி மாற்றாமல் வாங்கினார்களாம்.

ஜவுளிக்கடையில் அதே சீர்ப்பெட்டிதான். முந்தாநாள்கூட பில் நின்றதாம். நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும்.