மழை இல்லாத மாதங்களின் காய்ச்சல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதுகுளத்தூருக்குத் தெற்கே, கண்மாய் நிறைந்தால் மட்டும் நெல் விளையும் ஊரில் பிறந்தார். அய்யா காலமானபோது அக்காவுக்குப் பதினாறு வயது. குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். கணிதம் படித்து, சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஒரு காய்ச்சல் எத்தனை நாளில் எத்தனை பேருக்குப் பரவும் என்று சமன்பாடுகளால் கணிப்பது அவர் வேலை.

டெங்குவுக்காக அவர் உருவாக்கிய கணக்கு மழையை வைத்து எழுதப்பட்டது. மழை பெய்தால் நீர் தேங்கும், கொசு பெருகும், சில வாரங்களில் காய்ச்சல் ஏறும். நம் பக்கத்துக் கோடைக்கு அது ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. போனில் சொன்னேன். "மழையே இல்லையேடா, டெங்குவா இருக்காது. மாத்திரை குடு, ரெண்டு நாள் பாப்போம்" என்றார் அக்கா. மூன்றாம் நாள் ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். டெங்குதான். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அக்கா ஊருக்கு வந்து, டார்ச் அடித்துத் தெருவில் ஒவ்வொரு தண்ணீர் டிரம்மாகத் திறந்து பார்த்தார். எதிர்வீட்டுச் சித்தி சிரித்தார். "ஏத்தா, மெட்ராஸ்ல அம்புட்டுப் படிச்சது எங்க டிரம்ம எட்டிப் பாக்கத்தானா?"

"இதக் கழுவுறதே இல்லையா சித்தி?"

"அடுத்த லாரி என்னிக்கு வருமோ, அடித் தண்ணிய எவளாச்சும் கீழ ஊத்துவாளா? அதுமேலதான் புதுத் தண்ணிய விடுறது. நீயும் அப்படித்தான விட்ட?"

அக்கா மறுபடி டார்ச்சை உள்ளே அடித்தார். அடித் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அவருடைய சமன்பாட்டில் மழை இருந்தது, டிரம் இல்லை.

லாரி வரும் இடைவெளியைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார். லாரி தாமதமானால் காய்ச்சல் ஏறும் என்றது புதிய கணிப்பு. அது சரியென்று தெரிந்தால்தான் கோடையிலும் டிரம் கழுவும் பணிக்கு ஆட்களை அனுப்பச் சுகாதாரத் துறையைக் கேட்க முடியும். அதற்கு ஒரு கோடையின் விவரம் தேவைப்பட்டது. அதற்குள் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் தெரிந்தது. மருத்துவமனையில் பார்க்க வந்தவர்களிடம், "உங்க ஊருக்கு லாரி என்னிக்கு வந்துச்சு?" என்று கேட்டார். அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சிலர் அழுதார்கள். ஆனி மாதம் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடன் பணியாற்றியவர் அழைத்தார். கோடைக் காய்ச்சல் அக்காவின் கணிப்பை ஒட்டியே போயிருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அவ போட்டது சரிதானாய்யா?"

"சரிதாம்மா."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாளா?"

"இல்லம்மா" என்றேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், லாரி வந்த நாட்களைச் சுவரில் கரியால் குறித்துவைத்த சித்திக்கும் எங்கள் நன்றி. இந்தச் சித்திரையில் சுகாதாரப் பணியாளர்கள் தெருவுக்கு வந்து டிரம்களைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. அம்மா எங்கள் டிரம்மைக் கவிழ்த்தார். பிறகு சித்தி, பிறகு மற்றவர்கள். அதன்பின் லாரி வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் எங்களை ஒரு சொல் சொல்லாமல் பொறுத்துக்கொண்ட தெருவாருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.